பழைய போனிலும் விண்ணப்பம் திறக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுன்னாகத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். "போன் பழுதாப்போச்சு, பக்கம் வெள்ளையா நிக்குது" என்று கொண்டு வருபவர்கள் பலரின் போனில் ஒரு பழுதும் இருப்பதில்லை. பழுது இணையத்தளத்தில்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள் புதுப் போன் வாங்கியதும் பழையதை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி வந்த ஐபோன் 6 இன்னும் இங்கே பாவனையில் உண்டு. 2014இல் வெளிவந்த அந்தப் போனில், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 12ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது. இணையப் பக்கங்களைத் திறக்கும் சபாரி உலாவியும் ஐஓஎஸ்ஸோடு சேர்ந்துதான் புதுப்பிக்கப்படும். குரோமைப் போட்டாலும் உள்ளே ஓடுவது சபாரியின் இயந்திரம்தான். "உலாவியை அப்டேற் செய்யுங்கள்" என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்?

அண்மையில் ஓர் அம்மா மகனின் பயிற்சிநெறி விண்ணப்பத்துக்காக வந்தார். பெயர், முகவரி, சாதாரண தரப் பெறுபேறு, இவ்வளவுதான் படிவம். ஐபோனில் வெறும் வெள்ளை. மக் கணினியில் இணைத்துப் பார்த்தேன். பக்கங்களை இயங்கவைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில், கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ஒரு குறியில் பக்கம் நின்றிருந்தது. சபாரிக்கு அந்தக் குறி 2020இல், 13.1 பதிப்போடுதான் விளங்கத் தொடங்கியது; ஐஓஎஸ் 12இல் உள்ள சபாரி அதற்கு முந்தியது. பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்ரிஎம்எல்லிலோ தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸிலோ தெரியாத ஒன்று வந்தால் உலாவி அதை மட்டும் விட்டுவிட்டு மேலே போகும். ஜாவாஸ்கிரிப்டில் தெரியாத இலக்கணம் ஒன்று இருந்தாலே அந்தக் கோப்பு முழுவதும் ஓடாது. படிவத்தை வரைவதே அந்தக் கோப்பு என்றால் பக்கத்தில் என்ன மிஞ்சும்?

இதற்கு வழி இருக்கிறது. பேபல் என்ற கருவி புதிய இலக்கணத்தைப் பழையதாக மாற்றித் தரும். எவ்வளவு பழைய உலாவி வரை ஓட வேண்டும் என்பதை பிரவுசர்ஸ்லிஸ்ட் என்ற அமைப்பில் ஒரு வரியாக எழுதிவிடலாம். உலாவியில் இல்லாத செயற்பாடுகளுக்கு, அவற்றை ஈடுசெய்யும் பொலிஃபில் என்ற நிரலைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதை உங்கள் சேவையகத்திலேயே வையுங்கள். 2024இல் அத்தகைய நிரல்களை வழங்கிவந்த பொலிஃபில்.ஐஓ என்ற தளம் கைமாறி, அதை நம்பிய தளங்களுக்குத் தீய நிரல் போனதை மறக்கக் கூடாது. எல்லாவற்றிலும் நல்லது, படிவத்தைச் சாதாரண எச்ரிஎம்எல்லில் எழுதிவிட்டு, அப்புறம் அழகு சேர்ப்பதுதான்.

பழைய போனில் பாதுகாப்புக் குறைவு என்பார்கள். சரி, வங்கி அலுவலுக்கு அதைப் பாவிக்க வேண்டாம் என்று நானும் சொல்கிறேன். ஆனால் ஒரு பயிற்சிநெறிக்கு விண்ணப்பிப்பவனை அந்தக் காரணம் சொல்லி வெளியே நிறுத்துவது நியாயமில்லை.

தளம் செய்யக் கொடுக்கும் நிறுவனங்கள் "ஐஓஎஸ் 12இலும் படிவம் திறக்க வேண்டும்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சோதித்துப் பார்க்க ஐபோன் 6 இல்லாத நிரலாளர்கள் என் கடைக்கு வாருங்கள், இலவசமாகத் தருகிறேன்.

இப்படிக்கு,
கைத்தொலைபேசி திருத்துநர்,
சுன்னாகம்.