அந்தச் சீட்டில் இன்னும் நாலு வரி எழுதுங்கள்

கிர்கிஸ்தானின் மாகாண அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மகள் உங்கள் நாட்டில் மருத்துவம் படிக்கிறாள். அவளைப் பார்க்க வந்தபோது, பனி கொட்டிய ஒரு நாளில் ஒரு மாகாண அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினோம். எந்த ஊர் என்பது வேண்டாம்.

முதல் கூடத்தில் பஞ்சடைத்த பனிச்சிறுத்தை, ஓநாய். அங்கே நிற்கவில்லை. அடுத்ததில் சுவரில் ஒரு ஷிர்டக் விரிப்பு. கீழே சீட்டில் பெயர், 'கம்பளி', '20-ஆம் நூற்றாண்டு'. அவ்வளவுதான், அதுவும் கிர்கிஸிலும் ரஷ்ய மொழியிலும்.

கூடத்தைக் காவல் காத்த அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே எழுந்து வந்தார். தொடாதீர் என்ற பலகைக்குப் பக்கத்திலேயே விரிப்பைத் தொட்டுக் காட்டினார். மகள் மொழிபெயர்த்தாள். மிதித்து இறுக்கிய கம்பளி இரண்டு, ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஆட்டுக்கொம்பு வடிவத்தைச் சேர்த்தே வெட்டுவார்களாம். சிவப்புக் கொம்பு வெள்ளையின் பள்ளத்தில் போய் உட்காரும், வெள்ளைக் கொம்பு சிவப்பில். துணுக்குகூட வீணில்லை. எது பூ, எது தரை என்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை! 2012-ல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்த கலை இது. சீட்டில் அதுவும் இல்லை.

கூடாரத்தின் உச்சி வளையமான துண்டுக், அடுப்புப்புகையில் கறுத்துக் கிடந்தது. உங்கள் கொடியின் சூரியனுக்கு நடுவே இருப்பது அதுதான் என்பதை அந்த அம்மா சொல்லித்தான் அறிந்தோம். குதிரைப்பாலைக் குமிஸ் என்ற புளித்த பானமாகக் கடையும் மத்தும் இருந்தது, எங்கள் வீட்டு மோர்மத்தைப் போல. அதன் பெயர் பிஷ்கெக்காம், தலைநகரின் பெயரேதான். மகள் அந்த ஊர் வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறாள், அன்றுதான் சிரித்தாள்.

1916-க்கு ஒரே ஒரு பலகை. ரஷ்ய ஜார் அரசு முதல் உலகப்போரில் போர்முனைக்குப் பின்னால் வேலை செய்ய ஆள்பிடித்ததும், எதிர்த்து எழுந்தவர்கள் ஒடுக்கப்பட்டதும், குடும்பம் குடும்பமாக மலை தாண்டிச் சீனாவுக்கு ஓடி வழியில் மடிந்ததும் அதில் மூன்று வரி. அந்த அம்மா அங்கே மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

புதுக் கட்டடமோ தொடுதிரையோ கேட்கவில்லை. காவலுக்கு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்காருங்கள். அவர்கள் சொல்வதைச் சீட்டில் எழுதுங்கள், கீழே ஆங்கிலத்திலும் இரண்டு வரி. மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நான் மறுபடி வருவேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்