கவுண்டி ஃபேருக்கு ஒரு லாக் கேபின் குவில்ட்

அன்பு மகளுக்கு,

உங்கள் கென்டக்கி கவுண்டி ஃபேரில், அந்த ஊர்க் கண்காட்சிப் போட்டியில், குவில்ட் என்ற ஒட்டுத்துணிப் போர்வை வைக்கப் போகிறாய் என்றதும் ரொம்பச் சந்தோஷம். எந்த டிசைன் எடுப்பது என்று கேட்டிருந்தாய். லாக் கேபினையே எடு, கண்ணு. நட்சத்திர டிசைன்கள் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் அவற்றில் பல துண்டுகள் கிராஸ் வெட்டு, அதாவது நெசவுக்குச் சாய்வாக வெட்டியவை. கை பட்டாலே இழுபடும், முனைகள் ஓரிடத்தில் சேராது. லாக் கேபின் முழுக்க நேர்வெட்டு. சுலபமான டிசைனைப் பிசகில்லாமல் தைத்தவருக்குத்தான் நடுவர்கள் ரிப்பன் கொடுப்பார்கள்.

1860களிலிருந்து அமெரிக்க வீடுகளில் தைத்துவரும் டிசைன் இது. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டைகள். ஒரு பாதி வெளிர் நிறம், மறுபாதி அடர் நிறம். நடுச் சதுரத்துக்குச் சிவப்பு வைப்பது பழைய வழக்கம். வீட்டுக் கணப்பின் நெருப்பு என்பார்கள்.

12 அங்குலக் கட்டங்கள் 36 தைத்து, வரிசைக்கு 6 வீதம் 6 வரிசை அடுக்கு. 72 அங்குலச் சதுரம் வரும். பார்ன் ரெய்சிங் என்ற அடுக்கு முறையில் வைர வடிவம் நடுவிலிருந்து விரிய வேண்டுமானால் வரிசைகள் இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும்.

42 அங்குல அகலப் பருத்தித் துணியில் வெளிர் நிறம் 2½ கெஜம், அடர் நிறம் 3¼ கெஜம், சிவப்பு ½ கெஜம், விளிம்புப் பட்டைக்கு ¾ கெஜம், அடித்துணி 5 கெஜம் வாங்கு. எல்லாவற்றையும் முதலில் நனைத்து உலர்த்திவிடு. சிவப்பை மட்டும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார். சாயம் ஒட்டினால் வேறு துணி வாங்கு. தைத்து முடித்து அலசும்போது வெளிர்ப் பட்டையில் ஏறிய சாயம் லேசில் போகாது.

நடுச் சதுரம் 3½ அங்குலம், பட்டைகள் 2 அங்குல அகலம். நீளப் பட்டையை அப்படியே வைத்துத் தைத்துவிட்டு மிச்சத்தை வெட்டுவது வேகமான வழி. ஆனால் ஊடை வாக்கில் துணி இழுபட்டுக் கட்டம் அலையடிக்கும். ஒவ்வொரு பட்டையையும் அளவாக வெட்டிக்கொண்டே தை. முதல் சுற்றுக்கு 3½, 5, 5, 6½. அடுத்த சுற்று 6½-இல் தொடங்கி 9½-இல் முடியும். மூன்றாவது 9½-இலிருந்து 12½ வரை. கட்டங்களை இணைத்தபின் தையலுக்குப் போக 12 அங்குலம் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு வெளிர், பின் இரண்டு அடர்.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். தையலுக்கு விடும் துணி ¼ அங்குலம், அதாவது அளவுகோலில் இரண்டு நூல். அதிலும் ஒரு இழை குறைவாகவே விடு, ஏனென்றால் மடிப்பு கொஞ்சம் துணியைத் தின்னும். 2 அங்குலப் பட்டைகள் மூன்றைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அள. சரியாக 1½ வர வேண்டும். வராவிட்டால் ஊசியின் இடத்தை மாற்றித் திரும்பத் தைத்துப் பார். அரை நூல்தானே என்று விடாதே. ஒவ்வொரு தையலிலும் அரை நூல் கூடினால், குறுக்கே ஆறு தையல், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் போகும். கட்டம் முக்கால் அங்குலம் சிறுத்துவிடும். சிறுத்ததையும் சரியானதையும் இழுத்துச் சேர்த்தால் நடுவில் உப்பும். அளவை மீறினால் ஓரத்தை வெட்டிச் சரிசெய்யலாம் என்று தோன்றும், செய்யாதே. கடைசிப் பட்டை மட்டும் மெலிந்து நிற்பதை நடுவர் எட்ட நின்றே பார்த்துவிடுவார்.

இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் ஓட்டாதே, வைத்து எடு. மடிப்பெல்லாம் நடுச் சதுரத்தை விட்டு வெளிப்பக்கம் சாயட்டும். கட்டங்களை இணைக்கும்போது ஒரு வரிசையின் மடிப்பை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் சாய்த்தால் மூலைகள் கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும்.

அடித்துணியின் கரையை வெட்டிவிட்டு இணை. கரை நெருக்கமான நெசவு, சுருக்கம் விழும். நடுவே வைக்கும் பஞ்சு விரிப்பு மெல்லியதாக இருக்கட்டும். இரண்டும் மேல்துணியைவிட நாலு பக்கமும் 4 அங்குலம் கூட வேண்டும். அடித்துணியைத் தரையில் விறைப்பாக ஒட்டி, பஞ்சு, மேல்துணி என்று பரப்பி, நான்கு விரல் இடைவெளிக்கு ஓர் ஊக்கு குத்து. பிறகு மூன்று அடுக்கையும் சேர்த்துத் தை, இதுதான் குவில்டிங். கைத்தையலில் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதைவிட எல்லாம் ஒரே அளவா என்பதையே முதலில் பார்ப்பார்கள். முடிச்சுகளை இழுத்துப் பஞ்சுக்குள் புதைத்துவிடு. தையலுக்குக் கோடு போட்ட, தண்ணீரில் அழியும் நீலப் பேனாவின் மையைக் குளிர்ந்த தண்ணீரில் போக்கும் முன் இஸ்திரி போடாதே. சூடு பட்டால் அந்த மை நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

விளிம்பில்தான் நிறையப் பேர் மதிப்பெண் இழக்கிறார்கள். 2½ அங்குலப் பட்டை எட்டு வெட்டி, சாய்வாக இணைத்து, இரண்டாக மடித்துத் தை. நேராக இணைத்தால் மடிப்பெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து முண்டு தெரியும். நடுவர் விளிம்பை விரலால் அழுத்திப் பார்ப்பார். உள்ளே பஞ்சு இல்லாமல் காலியாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். அதனால் பஞ்சை விளிம்பு மடிப்பு வரை விட்டு வெட்டு. மூலை மடிப்பை முன்னும் பின்னும் சிறு தையலால் மூடு. பின்பக்க ஹெம்மிங்கில் நூல் வெளியே தெரியக் கூடாது.

விதிப் புத்தகத்தைத் தைப்பதற்கு முன்பே வாங்கிப் படி. அளவு, பெயர் எழுதிய துண்டு, மாட்டுவதற்கான துணிக்குழாய், எந்த ஆண்டுக்குள் முடித்ததாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மேல்துணி நீ தைத்து, குவில்டிங்கை வேறொருவரிடம் மெஷினில் போட்டு வாங்கினால் அதைப் படிவத்தில் சொல்லிவிடு. அதற்குத் தனிப் பிரிவு இருக்கலாம். 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடைக் கம்பெனி நடத்திய குவில்ட் போட்டிக்கு ஏறத்தாழ 24,000 குவில்ட்கள் வந்தன. பெரும் பரிசு உங்கள் கென்டக்கிக்குத்தான் வந்தது. ஆனால் அதைத் தைத்தவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள். அவர்கள் பெயர் பரிசில் இல்லை. எனக்கு இன்றும் அது வலிக்கிறது.

கொடுப்பதற்கு முந்தின நாள் பகல் வெளிச்சத்தில் விரித்து, தொங்கும் நூல், பூனை முடி, பேனாக் கோடு எல்லாவற்றையும் எடு. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார். இரண்டும் சமமாக இல்லையென்றால் தொங்கவிடும்போது ஒரு பக்கம் சாயும்.

முதல் கட்டம் முடிந்ததும் 12½ வந்ததா என்று போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா