மம்மி முகத்துக்கு எட்டு மணி நேரம்

மதிப்புமிகு ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பின் சினிமாப் பக்கத்தில் பழைய பேய்ப் படங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் இளையவராக இருக்க வேண்டும். மம்மி படங்களுக்கு அவர் ஒதுக்கியது மூன்றே வரி. உடம்பெல்லாம் பேண்டேஜ் சுற்றிய ஓர் ஆள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தள்ளாடி வருவானாம், அதைப் பார்த்து அந்தக் காலத்து மக்கள் பயந்தார்களாம். முப்பத்தைந்து ஆண்டுகள் கோலாலம்பூரில் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மேடை நாடகங்களுக்கு அரிதாரம் பூசியவன் நான். அந்த மூன்று வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

1932-இல் யுனிவர்சல் ஸ்டூடியோ எடுத்த 'தி மம்மி' படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. கட்டுச் சுற்றிய உடம்பு வருவது தொடக்கத்தில் மட்டும், அதுவும் கொஞ்ச நேரம். எகிப்தில் கல்லறை தோண்டப் போன குழுவில் ஓர் இளைஞன், திறக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்ன பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த சுருளை இரவில் தனியாக உட்கார்ந்து முணுமுணுத்துப் படிக்கிறான். பின்னால் நிற்கிற சவப்பெட்டிக்குள் மம்மியின் இமை ஒரு நூலளவு விலகுகிறது. மார்பில் குறுக்காகக் கிடந்த கை மெல்லச் சரிகிறது. அதற்குமேல் நமக்குக் கிடைப்பது மேசைக்கு வரும் ஒரு கை, பிறகு தரையில் இழுபட்டு வாசலைத் தாண்டும் துணிக் கீற்றுகள். அவ்வளவுதான். அது நடப்பதைக் கேமரா காட்டவே இல்லை. அந்தப் பையன் சிரிக்கத் தொடங்குகிறான், அந்தச் சிரிப்பு நிற்கவே மாட்டேன் என்கிறது.

எனக்குப் பதின்மூன்று வயதில் இந்தப் படத்தை ரயில்வே கோட்டர்ஸில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். நம் மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது 1978 கடைசியில்தான், எனவே எங்களுக்கு எல்லாப் படமும் கறுப்பு வெள்ளைதான். இருபது பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். அந்தச் சிரிப்பு வந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரப் பாட்டி எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டார்.

அந்த மம்மி முகத்தைச் செய்தவர் ஒப்பனையாளர் ஜாக் பியர்ஸ். கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். காலை பதினொரு மணிக்கு, மம்மியாக நடித்த போரிஸ் கார்லோஃபை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை ஏழு மணிக்குத்தான் எழுப்பினார். முகத்தில் பஞ்சை ஒட்டி, அதன்மேல் கொலோடியன் என்ற பசைத் திரவத்தைத் தடவினார். கொலோடியன் காயும்போது சுருங்கும், கூடவே தோலையும் பிடித்து இழுக்கும், சுருக்கம் தானாக விழும். தலைமுடியில் களிமண். உடம்பில் சுற்றிய லினன் துணியை முதலில் அமிலத்தில் நனைத்து, அடுப்பில் வைத்துக் கருக்கி, இற்றுப்போன பதத்துக்குக் கொண்டுவந்தார்கள். படப்பிடிப்பு முடியும்போது இரவு இரண்டு மணி. அத்தனையையும் பிரித்து எடுக்க இன்னும் இரண்டு மணி நேரம். திரையில் சில நிமிடம் நிற்பதற்காக ஒரு மனிதர் இதையெல்லாம் தாங்கினார், இன்னொருவர் செய்து முடித்தார்.

இயக்குநர் கார்ல் ஃபிராயண்ட் அதற்கு முன் கேமரா பிடித்தவர். 'மெட்ரோபோலிஸ்', 'டிராகுலா' இரண்டுக்கும் ஒளிப்பதிவில் அவர் கை உண்டு. அதனால்தான் பியர்ஸின் உழைப்பு வீணாகவில்லை. கறுப்பு வெள்ளையில் நிறத்துக்கு வேலை இல்லை, மேடு பள்ளத்துக்குத்தான் வேலை. பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் ஒரு பஞ்சு நூல்கூட நிழல் விழுத்தும். நேர் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகிவிடும். இன்று கைப்பேசியில் இந்தப் படத்துக்கு நிறம் ஏற்றிய துண்டுகள் சுற்றி வருகின்றன. அதைப் பார்த்து இதுதான் படம் என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. 1979-இல் செந்தூலில் ஒரு சமூக நாடகத்தில், கனவுக் காட்சிக்காக மம்மி வேடம் கேட்டார்கள். கொலோடியன் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் சித்தப்பாவிடம் சொல்லி, அமோனியா கலந்த ரப்பர் பால் ஒரு போத்தல் வாங்கி வந்தேன். பழைய வேட்டி நான்கை மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்து, தேயிலைத்தூள் போட்டு வேகவைத்து, கரி அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் புகைபோட்டு, ஓரங்களை மண்ணெண்ணெய் விளக்கில் கருக்கினேன். நடிக்க வந்தவர் பக்கத்து லயத்து அண்ணன். முகத்தில் பால் தடவி, பஞ்சு வைத்து, மறுபடி பால். அமோனியா நெடியில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் முகத்தை அசைக்கவில்லை. வெள்ளையாக இருந்த பால் காய்ந்து தேன் நிறத்துக்கு வந்தபோது, கன்னத்தில் கிழவனுக்கு விழுவது போலவே வரி விழுந்தது. அன்று எனக்கு வந்த மகிழ்ச்சி பிறகு எத்தனையோ வேடங்களில் வரவில்லை.

நாடகம் முடிந்து பிரித்தபோதுதான் என் தவறு தெரிந்தது. புருவத்தில் வாசலின் தடவிக்கொண்டு பால் பூசியிருக்க வேண்டும். நான் தடவவில்லை. இடது புருவம் பாதி அதோடு வந்துவிட்டது. அண்ணனுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. கல்யாணத்தன்று காலையில் நானே போய்க் கண்மையால் அந்தப் புருவத்தை ஒவ்வொரு முடியாக வரைந்தேன். அதற்குப் பிறகு யார் முகத்தைத் தொட்டாலும் முதலில் புருவத்துக்கு வாசலின்.

கட்டுரை எழுதியவர் மனதில் இருக்கும் அந்தத் தள்ளாட்ட நடை பின்னால் வந்தது. 1940-இல் டாம் டைலர் என்ற நடிகர், கரிஸ் என்ற வேறொரு மம்மியாக வந்தார், 1942 முதல் அந்த வேடம் லான் சேனி ஜூனியருக்குப் போனது. தானா என்ற இலையைக் காய்ச்சிக் கொடுத்து மம்மியை எழுப்புவது அந்தக் கதைகளில்தான். சேனியின் படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. அவசரத்தில் எடுத்தவை. டைலரின் படத்தில் மட்டும் ஒரு நல்ல வேலை உண்டு: அருகில் காட்டும்போது கண்களும் வாயும் வெறும் கருங்குழியாகத் தெரிய, படச்சுருளில் ஒவ்வொரு படச்சட்டமாகக் கறுப்படித்திருக்கிறார்கள். அந்தக் குழியைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

1932 படத்தின் கதைநாயகன் பேயும் அல்ல. காதலியை உயிர்ப்பிக்க முயன்றதற்காக உயிரோடு புதைக்கப்பட்ட பூசாரி அவன். அவள் மறுபிறவி எடுத்து வந்ததும் தேடி வருகிறான். நமக்கு இது புதிதா? ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963-இல் வந்தது, அதுவும் கறுப்பு வெள்ளை, அதுவும் மறுபிறவி. அதில் தள்ளாத கிழவராக வரும் நம்பியாரின் முகம் இன்றைக்கும் எனக்கு அத்துப்படி. ஒளிப்பதிவு வின்சென்ட் என்று எல்லாரும் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். அந்தக் கிழட்டு முகத்தைச் செய்தவர் யார் என்று எந்த விமர்சனத்திலும் நான் படித்ததில்லை. பி.என். ராவ் 1957-இல் சிங்கப்பூரில் எடுத்த 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் பேய்ப் படத்துக்கு இன்னும் மோசமான கதி. மரியா மெனாடோ பேயாக மாறுவதைப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அந்தப் படச்சுருள் இன்று யாரிடமும் இல்லை என்கிறார்கள். செய்த கையும் தெரியாது, செய்த வேலையும் பார்க்கக் கிடைக்காது.

ஜாக் பியர்ஸுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். 1931-இல் ஃபிராங்கன்ஸ்டைன் படத்தின் பூத முகம், மறு ஆண்டு மம்மி, 1941-இல் ஓநாய் மனிதன், மூன்றும் அவர் கையில் பிறந்தவை. போர் முடிந்த பிறகு, வேகமும் சிக்கனமும் வேண்டுமென்று ஸ்டூடியோ அவரை அனுப்பிவிட்டது. 1968-இல் இறந்தார். அவர் செய்த முகங்கள் இன்றும் பொம்மையாகவும் முகமூடியாகவும் விற்கின்றன.

எனவே ஆசிரியர் ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சினிமாப் பக்கத்தில் விமர்சனத்துக்கு மேலே ஒரு கட்டம் போடுகிறீர்கள்: நடிப்பு, இசை, இயக்கம். அதில் ஒப்பனை என்று ஒரு வரி சேருங்கள். நம் ஊரில் எடுக்கும் தமிழ்ப் படங்களுக்காவது சேருங்கள். அந்தப் பிள்ளைகள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள், எனக்குத் தெரியும். கட்டுரை எழுதியவருக்கு விருப்பமிருந்தால் ஒரு சனிக்கிழமை மாலை என் வீட்டுக்கு வரட்டும். அந்த 1932 படம் என்னிடம் இருக்கிறது, எழுபத்து மூன்று நிமிடம்தான். திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துப் போட்டுக் காட்டுகிறேன். 1979-இல் புகைபோட்ட வேட்டிக் கீற்று ஒன்றும் அலமாரியில் இருக்கிறது, அதையும் தொட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேடை ஒப்பனையாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.