ஞாயிறு நீண்ட ஓட்டம்: தண்ணீர்மலை

வணக்கம் நண்பர்களே. ஞாயிறு காலை 5.30 மணிக்குப் பினாங்குத் தண்ணீர்மலை பூங்கா வாசலில் கூடுவோம். முதல் மாரத்தானுக்குத் தயாராகும் புதியவர்கள் கட்டாயம் வாருங்கள். வேகம் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு மெதுவாக ஓடுங்கள்; மூச்சு வாங்கினால் நடங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. 42.195 கிலோமீட்டருக்குக் கால் பழகுவது பெரும்பாலும் இந்த மெதுவான ஓட்டங்களில்தான்.

பினாங்குப் புழுக்கத்தில் வியர்வை லேசில் காயாது, உடம்புச் சூடும் இறங்காது. அதனால் தண்ணீரோடு உப்புச்சத்துள்ள பானமும் கொண்டுவாருங்கள். புதுக் காலணியை அன்றைக்குப் போட வேண்டாம். தொடை உரசும் இடத்தில் வாஸ்லின் களிம்பு தடவிக்கொள்ளுங்கள். குரங்குகள் இருக்கும், தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள்.

முழங்கால் வலி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சேர்ந்து நடக்கலாம். அப்புறம் எல்லாரும் பசியாறிவிட்டுப் போகலாம். சனிக்கிழமை இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.