கூட்டாஞ்சோற்றுக்குக் கைகொடுத்த உங்கள் எல்லாருக்கும்

அன்புள்ள ஆச்சி, பெரியம்மா, சித்தி, மதினிமார்களுக்கும், மாமா, அத்தான்மார்களுக்கும், பாத்திரக்கடை அண்ணாச்சிக்கும், மேலத்தெருக்காரர்களுக்கும், தம்பி தங்கச்சிகளுக்கும்,

வணக்கம்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்த சொந்தபந்தம் 60 பேருக்கும் மறுநாள் மத்தியானம் ஒரே அண்டாவில் கூட்டாஞ்சோறு ஆக்கிப் போட முடிந்தது. 12.30 மணிக்கு முதல் இலை விழுந்தது. பச்சைப் பிள்ளைக்காரி முதல் பல் இல்லாத தாத்தா வரை வயிறாரச் சாப்பிட்டார்கள். சோறு நன்றாக இருந்தது என்று சொன்னவர்கள் எல்லாம் அடுப்புப் பக்கம் நின்ற எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சொல் போய்ச் சேர வேண்டியது உங்களிடம். யார் கையால் எது சரியாக வந்தது, அது தப்பியிருந்தால் என்ன கெட்டிருக்கும் என்று விவரமாகச் சொன்னால்தான் இந்த நன்றி முழுசாகும். அடுத்த வருஷம் ஆக்குப்புரைக்குப் பொறுப்பேற்கிறவர்களுக்கும் அளவு கையில் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறோம்.

பாத்திரக்கடை அண்ணாச்சி, முதல் நன்றி உங்களுக்கு. 60 லிட்டர் கொள்ளும் பித்தளை அண்டாவை நாங்கள் கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிடவில்லை நீங்கள். உள்ளே விரலால் தடவிப் பார்த்தீர்கள். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. "இதுல புளி ஊத்தக்கூடாது" என்று சொல்லி, நாலு நாள் காத்திருக்கச் சொல்லி, ஈயம் பூசிய பிறகுதான் கொடுத்தீர்கள். கூட்டாஞ்சோற்றில் புளியும் மாங்காயும் சேரும். பூச்சு போன பித்தளையில் புளிப்பு பட்டால் செம்பு கரைந்து களிம்பு இறங்கும். சோறு கசக்கும், சாப்பிட்டவர்களுக்குக் குமட்டும், வயிற்றைப் புரட்டும். பூசியது வெள்ளீயம்தான், காரீயம் இல்லை என்பதையும் கேட்காமலே சொன்னீர்கள். காரீயம் நஞ்சு என்பதால் பூச்சு போடக் கொடுக்கிற யாரும் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

அளவும் நீங்கள் சொன்னதுதான் சரி. 40 லிட்டர் அண்டா போதும் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம். அரிசி, பருப்பு, காய், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 50 லிட்டரை நெருங்கும். அதற்கு மேலே துடுப்பு போட்டுக் கிண்ட இடம் வேண்டும்.

அரிசி கொடுத்த மாமாவுக்கு நன்றி. 6 கிலோ அம்பை 16 புழுங்கல், போன வருஷத்து அரிசி. ஆளுக்கு 100 கிராம் என்ற கணக்கு, காயும் பருப்பும் சேருவதால் சரியாக வந்தது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986இல் வந்த குண்டு ரகம் இது. கூட்டாஞ்சோற்றுக்கு இதைவிட வாகான அரிசியை நாங்கள் பார்த்ததில்லை. சன்ன ரகத்தைப் பருப்போடு சேர்த்துக் கிண்டினால் உடைந்து கூழாகிவிடும். குண்டு அரிசி எவ்வளவு குழைந்தாலும் பருக்கை நாக்கில் தட்டுப்படும். புது அரிசியாக இருந்திருந்தால் தண்ணீரை 2 லிட்டராவது குறைத்திருக்க வேண்டும், பிசுபிசுப்பும் ஏறியிருக்கும்.

மேலத்தெருக்காரர்கள் தங்கள் வீட்டுக் குழாயில் வந்த ஆற்றுத் தண்ணீரை 5 குடம் பிடித்துக் கொடுத்தார்கள். சமையலில் பாதி அதில்தான் இருந்தது என்றால் மிகையில்லை. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. சுண்ணாம்புச் சத்து ஏறிய தண்ணீரில் துவரம்பருப்பு மணிக்கணக்கில் கொதித்தாலும் மலராது, விறைத்துக்கொண்டு நிற்கும். தாமிரபரணித் தண்ணீரில், ஒரு மணி நேரம் ஊறிய 2.5 கிலோ பருப்பு, விறகடுப்பில் முக்கால் மணி நேரத்தில் மலர்ந்துவிட்டது. அதே தண்ணீரில்தான் அரிசியையும் ஊற வைத்தோம்.

காய் நறுக்கிய மதினிமார்களுக்கு எத்தனை சொன்னாலும் தகும். நாட்டுக் கத்தரிக்காய் ஒன்றரை கிலோ, முருங்கைக்காய் 15, வாழைக்காய் 8, சீனி அவரைக்காய் (கொத்தவரங்காய்) ஒரு கிலோ, அவரைக்காய் ஒரு கிலோ, நாட்டு மாங்காய் 4. உருளைக்கிழங்கைச் சேர்க்கலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்று நீங்கள் தடுத்தது நல்லதாகப் போயிற்று. உருளை கரைந்து சோற்றைப் பசையாக்கும், ஆறினால் கட்டிதட்டும். கத்தரிக்காயை அரிசி கழுவின தண்ணீரிலும் வாழைக்காயை மோர்த் தண்ணீரிலும் நறுக்கிப் போட்டதால் ஒரு துண்டுகூடக் கறுக்கவில்லை. எல்லாவற்றையும்விட, காய்களைக் கலக்காமல் மூன்று சருவத்தில் தனித்தனியாக வைத்தீர்களே, அதுதான் பெரிய உதவி. சீனி அவரையும் வாழைக்காயும் அரிசியோடு இறங்க வேண்டும். கத்தரியும் முருங்கையும் அவரையும் அரிசி பாதி வெந்தபின். மாங்காய் கடைசியில். எல்லாம் ஒன்றாகக் கிடந்திருந்தால் சீனி அவரை நறுக்கென்று நிற்கும்போது கத்தரிக்காய் காணாமல் போயிருக்கும்.

முருங்கைக்கீரை ஆச்சியின் பொறுப்பு. 60 பேருக்கு ஆய்ந்த கீரை ஒரு பெரிய கடகம் நிறைய வேண்டும். ஈர்க்கு ஈர்க்காக உருவ உட்கார்ந்தால் நாலு பேருக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். ஆச்சி முதல் நாள் ராத்திரியே கொப்புகளை ஈரமில்லாமல் உதறி, பழைய வேட்டியில் இறுக்கிச் சுற்றி, மூலையில் சாய்த்துவிட்டுப் படுத்தார்கள். விடிந்து வேட்டியைப் பிரித்து நாலு தட்டு தட்டியதும் இலையெல்லாம் தானாக உதிர்ந்து குவிந்தது. மிச்சமிருந்த ஈர்க்குகளைப் பிள்ளைகள் உட்கார்ந்து பொறுக்கினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் பேர் சொல்லாத நன்றி. ஒரு ஈர்க்கு தப்பினாலும் தொண்டையில் குத்தும், சின்னப் பிள்ளை சாப்பிடுகிற சோறு.

அரைப்பு சித்தியின் கைவண்ணம். தேங்காய் 8, சீரகம் 100 கிராம், மிளகாய் வத்தல் 150 கிராம், மஞ்சள்தூள் 3 மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் ஒன்றரை கிலோ. வெங்காயத்தில் பாதியை முழுசாகவே அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, மீதியை அரைப்பில் கடைசியாகப் போட்டு ஒரே ஓட்டு ஓட்டி எடுத்தீர்கள். வெங்காயம் நேரம் போக அரைபட்டால் கசப்பு இறங்கும். தேங்காய் நைசாகவும் போகக்கூடாது. நைசாக அரைத்தால் சோற்றில் கரைந்து மறைந்துவிடும், கொரகொரப்பாக இருந்தால்தான் வாயில் ருசி நிற்கும். காலையிலேயே அரைத்து வைத்துவிடலாமே என்று அவசரப்பட்டவர்களைத் தடுத்து, அரிசி அடுப்பில் இறங்கிய பிறகே அரைக்க ஆரம்பித்தீர்கள். பங்குனி வெயிலில் தேங்காய் அரைப்பு நாலு மணி நேரம் சும்மா இருந்தால் புளித்து நாறும், அதன்பின் அண்டா முழுக்கப் பாழ்.

விறகு கொண்டுவந்த அத்தானுக்கு: நீங்கள் இறக்கிய வேலிக்கருவை ஆறு மாசம் காய்ந்தது என்பது முதல் கட்டையிலேயே தெரிந்தது. புகை இல்லை. ஈர விறகாக இருந்தால், மூடியைத் திறக்கும்போதெல்லாம் புகை இறங்கிச் சோறு முழுக்க வாடை ஏறும். பற்றவைக்கத் தென்னம்பாளையும் மட்டையும் தனியாகக் கட்டி வைத்திருந்தீர்கள். பருப்புக்கு ஓங்கி எரியவும், பிறகு தணலில் அடங்கவும் அந்தக் கருவைதான் ஈடுகொடுத்தது.

ஆக்கிய முறையை இங்கே சொல்லிவிடுகிறோம். 24 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் பருப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள், இரண்டு கரண்டி நல்லெண்ணெய். எண்ணெய் இருந்தால் நுரை பொங்கி வழியாது. பருப்பை விரலில் நசுக்கினால் நடுவில் குருணை அளவுக்கு மட்டும் கடினம் இருக்க வேண்டும். அந்தப் பதத்தில், அரை மணி நேரம் ஊறிய அரிசியும் முதல் சருவத்துக் காயும். அரிசி பாதி வெந்ததும் இரண்டாம் சருவமும் முழு வெங்காயமும். அதன்பிறகுதான் உப்பு, கல்லுப்பு 400 கிராம், இரண்டு தவணையாக. புளி 300 கிராமை 3 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்திருந்தாலும், அரிசியும் காயும் நன்றாக வெந்தபின்னரே ஊற்ற வேண்டும். புளிப்பு பட்டால் அதோடு காயும் பருப்பும் வேகாமல் நின்றுவிடும். இதில் அவசரப்பட்டுக் கெட்ட சோறுகள் அநேகம். புளியோடு மாங்காய், பிறகு 3 லிட்டர் தண்ணீரில் கலக்கிய அரைப்பு, கடைசியில் கீரை. கீரை போட்டபின் ஐந்து நிமிஷம், மூடாமல். மூடினால் பச்சை போய்ப் பழுப்பு ஏறும்.

அரைப்பு இறங்கியபின்தான் ஆபத்து. தேங்காயும் பருப்பும் அடியில் போய்த் தங்கும். துடுப்பு பிடித்த தம்பிகள் இரண்டு பேரும் ஒரு நொடி ஓயாமல், மேலே சுற்றாமல், அடியைச் சுரண்டியே கிண்டினார்கள். அப்படியும் ஒரு பக்கம் தீ கூடிவிட்டது. லேசாகக் கருகுகிற வாசனையை மூன்றாவது மதினிதான் முதலில் கண்டுபிடித்தார்கள். கிண்டுவதை உடனே நிறுத்தச் சொன்னதும் அவர்கள்தான். அந்த நேரத்தில் அடியைக் கிண்டியிருந்தால் கருகல் சோறு முழுக்கக் கலந்திருக்கும். விறகை எல்லாம் வெளியே இழுத்து, மேலாகச் சோற்றை இரண்டு பெரிய சருவத்துக்கு அகப்பையால் மாற்றி, அடியில் ஒட்டினதை விட்டுவிட்டோம். போனது இரண்டு படி சோறு இருக்கும். மிச்சம் அத்தனையும் தப்பியது மதினியால். ஒட்டினதை ஊறவைத்து எடுத்து, அண்டாவைக் கழுவித் துடைத்துச் சோற்றைத் திரும்பக் கொட்டி, தணலில் ஏற்றினோம்.

பெரியம்மா போன சித்திரை வெயிலில் போட்டுவைத்த வெங்காய வடகத்தைக் கால் கிலோ தூக்கிக் கொடுத்தீர்கள். வருஷம் முழுக்க உங்கள் வீட்டுக்கு வேண்டியது அது. முக்கால் லிட்டர் நல்லெண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயத்தோடு சின்னத் தீயில் பொரித்தோம். வடகம் நிறம் மாறியவுடன் எடுத்துவிட வேண்டும், ஒரு நொடி தாண்டினால் கருகிக் கசக்கும். தாளிப்பைக் கொட்டி மூடி, மூடிமேல் நாலு தணலைப் போட்டு கால் மணி நேரம். மூடியைத் திறந்தபோது வந்த வடக வாசனைக்குத் தெருவே திரும்பியது. கடையில் வாங்குகிற வடகத்தில் அந்த வாசனை கிடையாது.

பரிமாறிய தங்கச்சிகளுக்கு ஒரு காரியத்துக்காகத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கூட்டாஞ்சோறு ஆற ஆற இறுகும். முதல் பந்திக்கு அகப்பையில் வழிந்த சோறு மூன்றாம் பந்திக்குக் கட்டியாகிவிடும். நாலு லிட்டர் வெந்நீரில் உப்புப் போட்டுப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, சொம்பு சொம்பாக விட்டு நெகிழ்த்திப் போட்டீர்கள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கும் அதே பதத்தில் கிடைத்தது. அப்பளம், கூழ்வத்தல், மோர்மிளகாய் பொரித்துக் கொடுத்த அத்தைக்கும் நன்றி.

மிஞ்சிய சோற்றைத் தாமதிக்காமல் வாங்கிக்கொண்டு போன வீடுகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அதை அண்டாவிலேயே மூடி வைத்தால் நடுச்சோறு சாயங்காலம் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். தேங்காயும் பருப்பும் சேர்ந்தது அந்தச் சூட்டில் கெட்டுப்போகும். தாம்பாளங்களில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் வீடு சேர்ந்தது.

பாத்திரம் விளக்க வந்த அக்காவுக்கு: அடுப்பில் ஏற்றும் முன்பே அண்டாவின் வெளிப்பக்கம் சாம்பலைக் குழைத்துப் பூசி வைத்தீர்கள். கரி அத்தனையும் அந்தப் பூச்சோடு உரிந்து வந்துவிட்டது. உள்ளே ஒட்டியதைச் சுரண்டாமல் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தே எடுத்தீர்கள். இரும்புக் கரண்டி பட்டிருந்தால் புது ஈயம் போயிருக்கும்.

அண்ணாச்சி, அண்டாவை நிழலில் கவிழ்த்துக் காயவைத்திருக்கிறோம். பெரிய சருவம் இரண்டும் கண்ணகப்பையும் மேலத்தெரு வீட்டுடையவை, துடுப்பு உங்களுடையது. வெள்ளிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் அவரவர் வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிறோம். பெரியம்மாவின் வடக டப்பாவும் எங்களிடம்தான் இருக்கிறது. சின்ன வெங்காயம் 5 கிலோ வாங்கி வைத்திருக்கிறோம், வடகம் போடுகிற அன்றைக்குச் சொல்லிவிடுங்கள், உரிக்க வருகிறோம்.

அன்புடன்,
ஆக்குப்புரையில் நின்றவர்கள்