மூலைக்கு 45 டிகிரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஒட்டும் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) கார்னிஸ் பட்டை பற்றி எழுதுகிறவர்கள் டிசைன், விலை எல்லாம் சொல்லிவிட்டு, 'மூலையை 45 டிகிரியில் வெட்டி ஒட்டவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வேலை கெடுவதே அந்த இடத்தில்தான்.

பூச்சு முடிந்த சுவர்கள் சரியாக 90 டிகிரியில் சேர்வது அபூர்வம். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறுசுவரில் 4 அடி குறித்து, குறுக்கே டேப் பிடியுங்கள். 5 அடி வந்தால் மூலை சரியாக 90 டிகிரி. ஓர் அங்குலம் கூடினாலே மூலை 92 டிகிரி. அங்கே 45-இல் வெட்டிய இரண்டு 4 அங்குலப் பட்டைகளைச் சேர்த்தால், முன் விளிம்பில் 5 மி.மீ. வாய் பிளக்கும். அதில் பிஓபி பேஸ்ட்டைத் திணித்துத் தேய்த்தால் டிசைன் கோடு மழுங்கிவிடும். பெயின்ட் அடித்த பிறகுதான் அது கண்ணை உறுத்தும்.

டிகிரியே வேண்டாம். துண்டுப் பட்டையை முதலில் ஒரு சுவரோரமும் பிறகு மறுசுவரோரமும் வைத்து, அதன் வெளி விளிம்பைக் கூரையில் பென்சிலால் கோடு இழுங்கள். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியை மூலையோடு சேர்த்தால் அதுதான் வெட்டு. உள்மூலையில் சுவர்ப்பக்க விளிம்பு நீளம், கூரைப்பக்கம் குட்டை. தூண், பீம் போன்ற வெளிமூலையில் இது தலைகீழ். அங்கே சுவர் அளவுக்கே நறுக்கினால் 4 அங்குலம் போதாமல் நிற்கும், பட்டை வீண்.

10க்கு 12 அடி அறைக்குச் சுற்றளவு 44 அடி. 6 அடிப் பட்டை 8 என்று கணக்கு வரும். ஆனால் 12 அடிச் சுவரில் இரண்டு முழுப் பட்டைகள் போனால் ரம்பம் தின்னும் தடிமனுக்குக்கூட மிச்சமில்லை. 10 வாங்குங்கள்.

ஒட்டும் இடத்தில் பழைய பெயின்ட்டைச் சுரண்டி, கொத்திவிட்டு, சுவரையும் பட்டையின் முதுகையும் நனைக்க வேண்டும். காய்ந்த சுவர் பேஸ்ட்டின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால், இறுகுவதற்குள் அது மாவாகிவிடும். பேஸ்ட் கலக்கும்போது தண்ணீரில்தான் பிஓபி பவுடரைத் தூவ வேண்டும். சட்டியில் பழைய கட்டி ஒட்டியிருந்தால் புதுக் கலவை சட்டென்று இறுகும். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் பலமே இருக்காது. சாதா ஆணி வேண்டாம். துருக்கறை பெயின்ட்டைத் தாண்டி வெளியே வரும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஸ்க்ரூ போடுங்கள்.

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் முதலில் கூரைக் கசிவை நிறுத்த வேண்டும். வெயிலில் ஸ்லாப் விரிந்து சுருங்குவதால் கூரையோர இணைப்பில் மயிரிழை விரிசல் வரும். அந்த விளிம்பை மட்டும் பேஸ்ட்டால் பூசாமல், பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட்டால் அடைப்பது நல்லது.

உள்மூலை, வெளிமூலை வெட்டுகளைச் சிறு படமாகத் தங்கள் இணைப்பிதழில் வெளியிட்டால் வீடு கட்டுவோருக்கு உதவும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி