இருவராக வாசித்த சிகாகோ ப்ளூஸுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புடையீர்,

மவுத் ஆர்கனும் கிட்டாரும் மட்டுமே கொண்டு பழைய சிகாகோ ப்ளூஸ் (சிகாகோவில் வளர்ந்த கறுப்பின மக்களின் இசை) பாடல்களைப் பதிவு செய்யும் வேலை நல்லபடியாக முடிந்தது. டிரம்ஸ், பேஸ், பியானோ எதுவும் இல்லாமல் இந்தப் பாடல்கள் நிற்பதற்குக் காரணம் உங்கள் கைவேலையும் காதுகளும்தான். யார் என்ன செய்து கொடுத்தீர்கள் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். இதே வழியில் இறங்குபவர்களுக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி ரீடு வேலை பார்த்துக் கொடுத்த பெரியவருக்கு. பத்துத் துளை மவுத் ஆர்கனில் 20 ரீடுகள், அதாவது ஊதும்போது அதிர்ந்து ஒலிக்கும் சின்ன உலோகத் தகடுகள். மேடையில் கிட்டாருக்குச் சுருதி மாற்றலாம், இதற்கு முடியாது. ஊதும் அழுத்தத்தில் சுருதி கொஞ்சம் இறங்கும் என்பதால் தொழிற்சாலையிலேயே ஏ சுரத்தை 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 442, 443 என்று ஏற்றி அனுப்புகிறார்கள். எனவே கிட்டாரின் சுருதியைத்தான் மவுத் ஆர்கனுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அதுவும் கச்சேரியில் ஊதும் அதே அழுத்தத்தில் ஊதச் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். சுருதி இறங்கிய ரீடின் நுனியில் லேசாகச் சுரண்டினால் ஏறும், ஆணிப் பக்கம் சுரண்டினால் இறங்கும். நன்றாக இருந்த ரீடு திடீரென்று இறங்கினால் பெரும்பாலும் ஆணிப் பக்கத்தில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும். அப்போது சுரண்டிப் பயனில்லை, ரீடையே மாற்ற வேண்டும்.

சிகாகோவின் தென்பகுதியான சவுத் சைடில் காலமெல்லாம் கிட்டார் வாசித்த அந்த மூத்தவருக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. ப்ளூஸில் ஈ கீ (ஈ-யை ஆதார சுருதியாகக் கொண்ட) பாட்டுக்கு ஏ கீ மவுத் ஆர்கன் எடுப்பது வழக்கம். பாட்டின் கீயிலிருந்து ஈ, எஃப், ஜி, ஏ என்று நான்காவது எழுத்து. அதில் 3-ஆம் துளையை உள்ளிழுத்தால் வரும் சுரம் ஜி ஷார்ப். பழைய முறைச் சுருதியில் அது கிட்டாரின் ஜி ஷார்ப்பைவிட அரைச் சுரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு தாழ்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் அலையலையாக அடிக்கும். "அந்தச் சுரத்தை மவுத் ஆர்கனுக்கு விட்டுவிடுங்கள்" என்றார். கிட்டார் ஈ-யையும் அதன் ஐந்தாம், ஆறாம் சுரங்களையும் மட்டும் வைத்துக் கீழ்த் தந்திகளில் ஷஃபிள் என்ற தாள நடையை வாசிக்கட்டும் என்றார். நம் கணக்கில் அது திஸ்ர நடை. மூன்றில் நடுப் பங்கு ஒலிக்காது. உள்ளங்கை ஓரம் பிரிட்ஜின் (தந்திகளைத் தாங்கும் கட்டையின்) மேல் படிந்திருந்தால் அதே தந்தி பேஸாகவும் டிரம்ஸாகவும் கேட்கிறது. மவுத் ஆர்கன் தனி வாசிக்கும்போது கிட்டார் தாளத்தை மீறி வேகமாக ஓடத் தொடங்கும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) 2, 4-ஆம் அடிகளில் மட்டும் தட்டவிட்டுப் பழகுவதுதான் அதற்கு அவர் சொன்ன மருந்து.

சிகாகோவின் ஹரால்ட் வாஷிங்டன் நூலகத்தின் ப்ளூஸ் ஆவணப் பிரிவினருக்கும் நன்றி. 1952-இல் மவுத் ஆர்கன் கலைஞர் லிட்டில் வால்டர் பதிவு செய்த 'ஜூக்' பாட்டில் பேஸ் கிடையாது. மடி வாட்டர்ஸ், ஜிம்மி ராஜர்ஸ் இருவரின் கிட்டார்கள், டிரம்ஸ், மவுத் ஆர்கன், அவ்வளவுதான். அதில் கீழ்ச் சுரங்களில் ஓடும் கிட்டாரை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் இருவர் வாசிப்புக்கு வழி கிடைத்துவிடுகிறது. மவுத் ஆர்கன் கலைஞர் ஜூனியர் வெல்ஸும் கிட்டார் கலைஞர் படி கையும் (Buddy Guy) 1981-இல் பாரிஸில் இருவராகவே வாசித்த பதிவையும் கட்டாயம் கேட்க வேண்டும். எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

மடி வாட்டர்ஸின் 1954 பாட்டான 'ஹூச்சி கூச்சி மேன்' எல்லாவற்றையும்விடக் கடினம். வழக்கமான 12 பாருக்கு (பார் என்பது நான்கு அடி கொண்ட தாளச் சுற்று) பதில் இது 16 பார். முதல் 8 பாரில் இசைக்குழு ஒரு சின்ன ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்கை) அடித்துவிட்டு நிற்கும், அந்த இடைவெளியில் குரல் வரும். குழுவில் எல்லோரும் சேர்ந்து நிறுத்தும்போது அந்த மௌனத்துக்கே கனம் உண்டு. இருவர் நிறுத்தினால் பாட்டு அறுந்ததுபோல் ஆகிவிடும். கிட்டார் ஏ தந்தியைக் கட்டைவிரலால் முழுதாக ஒலிக்கவிட்டு, டி கீ மவுத் ஆர்கன் கீழ்த் துளைகளில் ரிஃப்பை எடுத்தபோது சரியாக உட்கார்ந்தது. ரிஃப்பில் வரும் சி சுரத்துக்கு 3-ஆம் துளையை இழுத்து, வாயின் அமைப்பை மாற்றி அரைச் சுரம் கீழே வளைக்க வேண்டும். வளைவு அதிகமானால் பி-க்குச் சரிந்து ரிஃப் கெட்டுவிடும். 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்' ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுதியில்) ஓடுவது. அதில் கிட்டார் ரிஃப்பை மாற்றாமல் பிடித்திருந்தாலே போதும்.

ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்த்துத் தந்தவருக்குத் தனி நன்றி. பழைய கிரிஸ்டல் மைக்கை, உள்ளீட்டு ரெசிஸ்டர் (மின்தடை) 1 மெகாஓமாக உள்ள ஆம்ப்ளிஃபயரில் செருகினால் அடிக்குரல் மெலிந்துவிடும். அவர் அந்த ரெசிஸ்டரை 5 மெகாஓமாக மாற்றினார். ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களில் (வால்வுகளில்) முதலாவதான 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு, அதில் பாதிக்கும் குறைவாகப் பெருக்கும் 12ஏஒய்7-ஐப் போட்டார். மைக்கைக் கைக்குள் பொத்திப் பிடித்தாலும் இப்போது சீக்கிரம் ஊளையிடுவதில்லை. கிரிஸ்டலில் இருப்பது ரோஷெல் உப்பு. ஈரமும் சூடும் அதைக் கெடுக்கும், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வால்வு ஆம்ப்ளிஃபயரின் கண்டென்சர்களில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும், தெரியாதவர்கள் திறக்காதீர்கள்.

ஒலிப்பதிவாளர் எங்கள் இருவரையும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார வைத்தார். கிட்டாருக்கு, முன்னும் பின்னும் மட்டும் ஒலி வாங்கும் எட்டு வடிவ மைக். அதன் பக்கவாட்டில் ஒலி ஏறாது என்பதால் அந்தப் பக்கத்தை ஆம்ப்ளிஃபயர் நோக்கித் திருப்பினார். காலடியில் பிளைவுட் பலகை ஒன்றையும் போட்டு, குதிகால் தட்டும் ஓசையையும் பதிந்தார்.

உரிமம் விஷயத்தில் வழிகாட்டிய வழக்கறிஞருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அமெரிக்கச் சட்டப்படி, ஏற்கெனவே வெளியான பாட்டை நம் பாணிக்கு ஏற்ப வாசித்துப் பதிவு செய்யக் கட்டாய உரிமம் (உரிய கட்டணம் கட்டினால் உரிமையாளர் மறுக்க முடியாதது) கிடைக்கும். ஆனால் அடிப்படை மெட்டையும் பாட்டின் இயல்பையும் மாற்றினால் உரிமையாளரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். எழுதியவருக்குப் போக வேண்டிய பணம் போயே ஆக வேண்டும். 'ஹூச்சி கூச்சி மேன்' எழுதிய வில்லி டிக்சன் தன் பாடல்களுக்கான உரிமைக்காகப் போராடியவர், மற்றவர்களுக்கும் அது கிடைக்கவே ப்ளூஸ் ஹெவன் அறக்கட்டளையைத் தொடங்கினார். சவுத் மிச்சிகன் அவென்யூ 2120-இல், செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1957 முதல் இயங்கிய அதே கட்டடத்தில், கேட்ட கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்ன அந்த அறக்கட்டளையின் வழிகாட்டிகளுக்கும் எங்கள் வணக்கம்.

நன்றியுடன்,
நாங்கள் இருவரும்